முற்றத்துக் கடை இட்லிக்கு ராமசேரி என்ற பெயர் தகுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
"பாலக்காட்டை அறிந்துகொள்ள ஒரு மணி நேரம் போதும். கோட்டைக்குச் சற்றுத் தள்ளி, பழைய வீடொன்றின் முற்றத்தைச் சுற்றித் திறந்திருக்கும் எட்டுக் கடைகளைப் பார்த்தால் ஊரையே பார்த்ததாகிவிடும். ராமசேரி இட்லிக்காக இனி ராமசேரிவரை போக வேண்டியதில்லை" என்று பொள்ளாச்சி நண்பர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே போயிருந்தேன். ஓடு வேய்ந்த தாழ்வாரமும், நடுவில் வெயில் விழும் கல்தளமும், பனையோலைக் கூடைக் கடையும், பழைய புத்தகக் கடையும் அழகாகவே இருக்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூலையில் இருக்கும் சிற்றுண்டிக் கடையில் "ராமசேரி இட்லி" என்று பலகை தொங்குகிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் கேஸ் அடுப்பின்மேல் அலுமினியப் பாத்திரம் இருக்கிறது. ராமசேரி இட்லியை அவிக்க வேண்டிய மண்சட்டி எங்கே?

பொள்ளாச்சி வழிப்போக்கன்:
ஐயா, நான் எழுதியது ஒரு முற்றத்தைப் பற்றி. நீங்கள் ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். வளையத்தில் நூல் பின்னியிருந்ததையும், அதன்மேல் ஈரத்துணி விரித்து மாவு ஊற்றியதையும் நானே பார்த்தேன். தோசையைப் போலத் தட்டையாகவும் பஞ்சைப் போல மென்மையாகவும் இருந்த அந்த இட்லியைத் தேங்காயெண்ணெய் விட்ட பொடியோடு தின்றுவிட்டுத்தான் எழுதினேன். துணியை உரித்தபோது இட்லியின் அடியில் நெசவுத்தடம் பதிந்திருந்தது. இதற்குமேல் என்ன வேண்டும்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மண்சட்டி வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து வந்து எலப்புள்ளி ஊராட்சியில் இருக்கும் ராமசேரியில் குடியேறிய முதலியார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் பலகாரம் அது. மண்பானையில் நீர் கொதிக்க, அதன் வாயில் நூல்வலை கட்டிய வளையத்தை வைத்து, துணி விரித்து, மேலே இன்னொரு சட்டியைக் கவிழ்த்து மூடுவார்கள். கவிழ்த்த சட்டி மண்ணாக இருந்தால் ஆவியின் ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அலுமினியத்தில் அந்த ஈரம் துளித்துளியாகத் திரண்டு மாவின்மேலேயே சொட்டும். என் பாட்டி வாங்கி வரும் ராமசேரி இட்லி மறுநாளும் கெடாமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். முற்றத்துக் கடையில் வாங்கி வந்தது மாலைக்குள் நசநசத்துவிட்டது. இதில் இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காட்டுக்கு வருகிறவர் எலப்புள்ளிக்கு அருகில்தான் வந்திருக்க வேண்டும். வழியில் இருக்கிற ஊரில் வண்டியை நிறுத்தாமல் போய்விட்டு, அந்த ஊருக்குப் போகவே தேவையில்லை என்று எழுத எப்படி மனம் வந்தது?

கல்பாத்தி வாசகி:
அந்தச் சிற்றுண்டிக் கடையை ஒரு பெண்மணி தனியாளாக நடத்துகிறார் என்பதை இரண்டு பேருமே சொல்லவில்லை. மரச்சட்டம் தாங்கும் பழைய கூரையின் கீழே மண்சட்டிக்காகப் புளிய விறகை எரிக்க எந்த வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிப்பார்? வாரத்துக்கு ஒரு சட்டி உடைந்தால் அந்தச் செலவை யார் தாங்குவது? ராமசேரியிலேயே உலோகப் பாத்திரத்தில் அவிப்பதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் திருத்த விரும்புகிறேன். பொள்ளாச்சி நண்பர் தம் பதிவில் போட்ட படத்துக்குக் கீழே அந்த வீட்டை நாலுகெட்டு, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டிய கேரள வீடு, என்று எழுதியிருக்கிறார். திண்ணை, ரேழி, தாழ்வாரம், மித்தம் (முற்றம்) என்று நீளவாக்கில் போகும் வீடு எங்கள் அக்கிரகாரத்து வீட்டின் அமைப்பு, நாலுகெட்டு வேறு.

பொள்ளாச்சி வழிப்போக்கன்:
அம்மா, வாசலில் நின்று கடைக்காரர்கள் சொன்னதைத்தான் நான் எழுதினேன்.

ஒற்றப்பாலம் கைத்தறி:
வீட்டின் பெயரை விடுங்கள். அங்கே இருக்கும் துணிக்கடையில் குத்தாம்புள்ளிச் செட்டுமுண்டை, கேரளப் பெண்கள் உடுத்தும் அந்த இரட்டை வேட்டியை, "பாலக்காட்டுக் கைத்தறி" என்று விற்கிறார்கள். குத்தாம்புள்ளி திருவில்வாமலையை ஒட்டியது, திருச்சூர் மாவட்டம். அங்கே நெய்யும் தேவாங்க நெசவாளர்களின் உழைப்புக்கு வேறு மாவட்டத்தின் பெயரைச் சூட்டுவதைப் பற்றி இங்கே எவரும் கேட்கவில்லையே!

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நான் கேட்பதும் அதையேதான். செய்த இடத்தின் பெயரையும் செய்த முறையின் பெயரையும் பலகையில் எழுதினால் அதற்கு உண்மையாக இருக்க வேண்டும். "தட்டை இட்லி" என்று எழுதட்டும், நானே வாரந்தோறும் வந்து தின்கிறேன். ராமசேரியில் சில வீடுகள் உலோகத்துக்கு மாறியிருந்தால் அது அவர்களுடைய வீட்டுப் பலகாரம், மாற்றிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. நகரத்து முற்றத்தில் கடை போட்டவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? மண்சட்டி இல்லாமல் ராமசேரி இட்லி இல்லை.

கல்பாத்தி வாசகி:
சென்ற ஆண்டு எங்கள் கல்பாத்தியின் ஐப்பசித் தேரைப் பற்றிப் பேசியபோதும் நீங்கள் இப்படித்தான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உங்கள் கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகா அந்நாளில் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. பாலக்காடோ 1956 வரை மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாநிலத்தோடு இருந்தது. பாலக்காட்டு நகரத்தில் யார் எதை விற்கலாம் என்று கொழிஞ்சாம்பாறையிலிருந்து தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எல்லை எங்கே இருந்தால் என்ன? எங்கள் ஊரில் இன்றும் பிள்ளைகள் தமிழ்வழியில் படிக்கிறார்கள். சந்தையில் தமிழில்தான் விலை பேசுகிறோம். அந்த இட்லியும் எங்கள் மொழி பேசிய குடும்பங்களோடு இந்த மண்ணுக்கு வந்தது. அதனால்தான் எனக்கு வலிக்கிறது. சமஸ்தானத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் சட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பொள்ளாச்சி வழிப்போக்கன்:
ஒரு மணி நேரம் போதும் என்று நான் எழுதியதை மாற்றப் போவதில்லை. என் அம்மாவுக்கு முழங்கால் வலி. ஊர் ஊராக ஏறி இறங்க முடியாதவர் அந்த முற்றத்துத் திண்ணையில் அமர்ந்து இட்லி தின்று, பனங்கற்கண்டு வாங்கி, மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார். அவருக்கு அதுதான் பாலக்காடு.

ஒற்றப்பாலம் கைத்தறி:
செட்டுமுண்டு பற்றி நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கல்பாத்தி வாசகி:
நாளை காலை நான் அந்தக் கடைக்குப் போகிறேன். பத்து மணிக்குமேல் போனால் இட்லி தீர்ந்துவிடும். வருகிறவர்கள் அதற்கு முன்பே வாருங்கள். பலகை அப்படியேதான் இருக்கும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நானும் வருகிறேன். எலப்புள்ளியில் இறங்கி ராமசேரியில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டுதான் வருவேன். இரண்டையும் மாலைவரை அந்தத் திண்ணையிலேயே வைத்துப் பார்ப்போம்.