பின்னம் சுருக்கும்போது எங்கே நிறுத்துவது? கணித ஆசிரியர்மார் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். மகள் தரம் 6. பின்னத்தை எளிய வடிவில் எழுதச் சொன்னால் இரண்டால் வகுப்பாள், ஐந்தால் வகுப்பாள், அதோடு கொப்பியை மூடிவிடுவாள். நேற்றுப் பின்னேரம் 84/126. 42/63 வரை வந்துவிட்டு, "63 ஒற்றை எண் அப்பா, இனிச் சுருங்காது" என்றாள். மூன்றால் வகுத்துப் பார் என்றேன். 14/21 வந்தது, திரும்பவும் பேனையை வைத்துவிட்டாள். ஏழால் வகுத்து 2/3 என்று காட்டியதும் என்னை மந்திரவாதியைப் போலப் பார்த்தாள்.

வயல் கணக்கு என்றால் பிழைக்கமாட்டாள். ஏக்கருக்கு 16 பரப்பு, 12 பரப்பு விதைத்தால் முக்கால் ஏக்கர் என்று வாயாலேயே சொல்வாள். 91/117 போல ஒன்று வந்தால்தான் முழிக்கிறாள்.

எனக்குத் தெரிந்தது, பெரியதைச் சிறியதால் வகுத்து மீதியைப் பிடிக்கும் வழி. 117ஐ 91ஆல் வகுக்க மீதி 26. 91ஐ 26ஆல் வகுக்க மீதி 13. 26 பதின்மூன்றால் மீதியின்றிப் பிரியும். அப்போ 13தான் பொதுக் காரணிகளுட் பெரியது, விடை 7/9. ஆனால் அவள் வகுப்பில் காரணிகளை எழுதித்தான் செய்கிறார்கள். இப்போதே இதைச் சொல்லிக் கொடுத்தால் குழம்புவாளா? வேறு லேசான வழி இருக்கிறதா?

இன்னொன்று. 16/64 இல் இரண்டு ஆறையும் வெட்டி 1/4 என்று எழுதி வைத்திருக்கிறாள். விடை சரி! இதைப் பிழை என்று எப்படி விளங்கப்படுத்துவது?