கருவளர்ச்சியியல் ஆய்வாளருக்கு மேற்கோள் கணக்கு: மூன்று தளத்தில் மூன்று எண், எதை எழுதுவது?

நாகர்கோவில்_விலங்கியல்

துறைப் பேராசிரியை ஒருவருக்குப் பதவி உயர்வுக் குழு முன் வைக்க ஆய்வுச் சுருக்கம் தயாராகிறது. துறை கருவளர்ச்சியியல். முதலில் கோழிக் கரு, பிறகு ஜீப்ரா மீனில் துடுப்பு மீள்வளர்ச்சி. 18 ஆண்டில் 31 கட்டுரை.

மேற்கோள் எண்ணும் தளங்களில் எச்-இன்டெக்ஸ் (எச் கட்டுரைகளுக்குத் தலா எச் மேற்கோளாவது இருக்கிற மிகப் பெரிய எண்) பார்த்தோம். கூகுள் ஸ்காலரில் 14, ஸ்கோபஸில் 9, வெப் ஆஃப் சயின்ஸில் 8 என்று வருகிறது. எதைப் போடுவது? எல்லாக் கட்டுரைகளின் இம்பாக்ட் ஃபேக்டரையும் (வெளியிட்ட இதழின் சராசரி மேற்கோள் எண்) கூட்டி ஒரே எண்ணாகப் போடச் சொல்கிறார்கள், அது சரியா? இன்னொன்று: திருமணத்துக்கு முந்தைய கட்டுரைகளில் தகப்பனார் இனிஷியல், பிந்தையவற்றில் கணவர் இனிஷியல்.

நூலகர்_தக்கலை

எண்ணைப் பார்க்கும் முன் பட்டியலைச் சரிசெய்யுங்கள். இனிஷியல் மாறியிருந்தால் ஸ்கோபஸ் அவரை இரண்டு ஆளாகப் பிரித்து வைத்திருக்க வாய்ப்பு மிக அதிகம். 9 என்பது பாதி ஆளின் கணக்காக இருக்கலாம்.

முதலில் அவருடைய கையில் உள்ள 31 கட்டுரையையும் எக்செலில் ஏற்றுங்கள்: தலைப்பு, ஆண்டு, இதழ், டிஓஐ (கட்டுரையின் நிலையான இணைய அடையாள எண்), ஆசிரியர் பெயர் அச்சில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எத்தனையாவது ஆசிரியர், தொடர்பு ஆசிரியரா (கட்டுரை பற்றிய கடிதங்களுக்குப் பொறுப்பானவர்). இதுதான் மூலப் பட்டியல். மூன்று தளத்தையும் இதோடுதான் ஒப்பிட வேண்டும், ஒரு தளத்தை இன்னொரு தளத்தோடு அல்ல.

ஸ்கோபஸில் பெயரை இரண்டு இனிஷியலிலும் தேடுங்கள். இனிஷியலை விரித்து, தகப்பனார் பெயரையே குடும்பப்பெயராக வைத்தும் தேடுங்கள். நம் ஊர்ப் பெயர்களில் எது குடும்பப்பெயர் என்று இதழ்களுக்குத் தெரிவதில்லை. தகப்பனார் பெயர் முன்னால் போய் இவர் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிக் கிடக்கும். ராஜ், தாஸ், ஜெயா என்று முடிகிற பெயர் என்றால் வேறொருவர் கட்டுரையும் உள்ளே புகுந்திருக்கும். பிரிந்த பக்கங்களை ஸ்கோபஸின் திருத்தப் படிவமான ஆத்தர் ஃபீட்பேக் விசார்ட் வழியாக இணைக்கச் சொல்லலாம். சந்தா தேவையில்லை, இலவசக் கணக்கு போதும். திருத்தம் உடனே ஏறாது, ஆகவே கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். கையோடு ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண்ணான ஆர்கிட் எடுத்து, பழைய இனிஷியலை 'பிற பெயர்கள்' பகுதியில் சேர்த்துவிடுங்கள்.

முகவரியும் ஒரு காரியம். நம் மாவட்டக் கல்லூரிக் கட்டுரைகளில் கல்லூரிப் பெயருக்குப் பின் 'மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், அபிஷேகப்பட்டி, திருநெல்வேலி' என்ற இணைவு வரியும் இருக்கும். சில கட்டுரைகள் பல்கலைக்கழகக் கணக்கில் மட்டும் ஏறியிருக்கும். கல்லூரி முகவரியை வைத்துத் தேடினால் அவை கிடைக்காது. துறை முழுவதற்கும் எடுப்பதானால், அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கிய 1990-க்கு முந்தைய கட்டுரைகளில் மதுரை காமராசர் பல்கலைக்கழக முகவரி நிற்கும், அதையும் தேடுங்கள்.

ஸ்காலரில் சிக்கல் நேர் எதிர்: அங்கே எண் கூடிவிடும். இதழுக்கு முன்பே பயோ-ஆர்கைவ் தளத்தில் ஏற்றிய முன்பதிப்பும் இதழில் வந்த வடிவமும் இரண்டு வரியாக நிற்கும். இரண்டையும் டிக் செய்து 'மெர்ஜ்' கொடுங்கள். புதுக் கட்டுரைகள் தானாகச் சேரும் அமைப்பை நிறுத்தி, மின்னஞ்சலில் கேட்டபின் சேர்க்கும்படி வையுங்கள். ஆய்வேடுகளில் வரும் மேற்கோளையும் ஸ்காலர் எண்ணும். அது தவறில்லை, ஆனால் ஸ்கோபஸ் எண்ணோடு அருகில் வைத்து ஒப்பிட முடியாது.

அளவியல்_மார்த்தாண்டம்

நூலகர் சொன்ன சுத்தம் முடிந்தபின் மூன்று எண்ணையும் போடலாம். பக்கத்தில் தளத்தின் பெயரும் பார்த்த தேதியும் இருக்க வேண்டும். ஒன்றுதான் கேட்கிறார்கள் என்றால், பதவி உயர்வுக்கு ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயின்ஸ்.

குழுவில் யாராவது கணக்கைக் கேட்டால் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு 18 கட்டுரையின் மேற்கோள்களை இறங்குவரிசையில் அடுக்குவோம்: 112, 64, 41, 30, 22, 15, 11, 9, 9, 6, 5, 4, 3, 3, 2, 2, 1, 1. ஒன்பதாவது கட்டுரைக்கு 9 இருக்கிறது, பத்தாவதுக்கு 6தான். ஆகவே எச் = 9. இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-ல் சொன்ன முறை இவ்வளவே. ஸ்காலர் காட்டும் ஐ-10, பத்தும் அதற்கு மேலும் பெற்றவை: 7. முதல் கட்டுரைக்கு 112-க்குப் பதில் 1,112 வந்தாலும் எச் 9-லேயே நிற்கும். அந்தக் குறையைத் தீர்க்க எக்கே 2006-ல் ஜி-இன்டெக்ஸ் கொடுத்தார்: முதல் ஜி கட்டுரைகளின் மேற்கோள் மொத்தம் ஜி-யின் வர்க்கத்துக்குக் குறையாத மிகப் பெரிய ஜி. இங்கே 18 கட்டுரையின் மொத்தம் 340, 18-ன் வர்க்கம் 324. ஜி = 18.

இம்பாக்ட் ஃபேக்டரைக் கூட்டுவது தவறு, திட்டமாகச் சொல்கிறேன். அது இதழின் சராசரி. 2024-க்கான எண் என்றால், 2022, 2023-ல் அந்த இதழில் வந்தவற்றுக்கு 2024-ல் கிடைத்த மேற்கோளை, அந்த இரண்டு ஆண்டின் கட்டுரை, ரிவ்யூ எண்ணிக்கையால் வகுத்தது. சில கட்டுரைகள் மிக அதிகம் வாங்கிச் சராசரியை இழுத்துவிடும். பெரும்பாலானவை அதற்குக் கீழேயே இருக்கும். இந்த எண்ணை ஆளை அளக்கப் பயன்படுத்த வேண்டாம் என்று வற்புறுத்துகிற டோரா பிரகடனம், 2012 டிசம்பரில் அமெரிக்க செல் உயிரியல் சங்கத்தின் கூட்டத்தில் உருவானது.

துறையோடு ஒப்பிட ஸ்கோபஸில் எஃப்டபிள்யூசிஐ (துறைக்கேற்பச் சரிசெய்த மேற்கோள் அளவு) பாருங்கள். அதே ஆண்டு, அதே துறை, அதே வகைக் கட்டுரைக்கு எதிர்பார்க்கும் அளவு கிடைத்தால் 1.00. ஆனால் சராசரியை மட்டும் கொடுக்காதீர்கள். ஐந்து கட்டுரைக்கு 0.6, 0.8, 0.9, 1.1, 7.6 என்றால் சராசரி 2.2, நடு எண் 0.9. இரண்டையும் எழுதினால்தான் உண்மை தெரியும். காசில்லாமல் பார்க்க அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச்-இன் ஐசைட் தளம் இருக்கிறது. மருத்துவ, உயிரியல் கட்டுரைத் தளமான பப்மெடின் எண்களை ஒட்டினால் கட்டுரைவாரியாக ஆர்சிஆர் (ஒப்பீட்டு மேற்கோள் விகிதம்) தரும். அங்கே 1.0 என்பது என்ஐஎச் நிதி பெற்ற கட்டுரைகளின் நடுமட்டம். பப்மெடில் இல்லாத இதழ்கள் அதில் வராது.

நாகர்கோவில்_விலங்கியல்

நன்றி சார். பழைய இனிஷியலில் தனிப் பக்கம் இருந்தது, 6 கட்டுரை அதில். 112 மேற்கோள் மாதிரி இங்கேயும் ஒன்று தனித்து நிற்கிறது, அது ரிவ்யூ (பிறர் ஆய்வுகளைத் தொகுத்து அலசும் கட்டுரை). தள்ளிவிடவா?

கரு_குழித்துறை

தள்ள வேண்டாம் மேடம். ரிவ்யூ என்று குறித்து, அதைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு கணக்கு கொடுங்கள். சுயமேற்கோளுக்கும் அப்படியே, ஸ்கோபஸில் அதை நீக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது.

இந்தத் துறைக்கே உரிய விஷயம் ஒன்றைக் குழுவுக்கு எழுதித்தான் ஆக வேண்டும்: இங்கே மேற்கோள் மெதுவாகத்தான் வரும். ஜீப்ரா மீன் முட்டையிடும் பருவத்துக்கு வர ஏறக்குறைய 3 மாதம். ஒரு ஜீனை முடக்க ஊசி போட்ட எஃப்0 (முதல் தலைமுறை) மீன் வளர 3 மாதம், அதன் குஞ்சுகளான எஃப்1 வளர இன்னும் 3. எஃப்1-ஐத் தமக்குள் சேர்த்தால்தான் அடுத்த தலைமுறையான எஃப்2-ல் ஜீனின் இரண்டு பிரதியும் மாறிய கரு கிடைக்கும். துடுப்பு மீள்வளர்ச்சியைப் பார்ப்பது வளர்ந்த மீனில், ஆகவே மேலும் 3 மாதம். எல்லாம் சரியாக நடந்தாலே 9 மாதம் கழித்துத்தான் முதல் சோதனை. பேராசிரியையின் கட்டுரையைப் படித்து வேறொரு ஆய்வகம் வேலை தொடங்கி, முடித்து, அச்சேற்றி மேற்கோள் காட்டுவதற்குள் இம்பாக்ட் ஃபேக்டர் பார்க்கிற அந்த இரண்டு ஆண்டுச் சாளரம் மூடிவிடும். 'டெவலப்மெண்ட்', 'டெவலப்மெண்டல் பயாலஜி' இதழ்களுக்கு வரும் மேற்கோளில் பாதிக்கு மேல் 10 ஆண்டுக்கு முந்தைய கட்டுரைகளுக்கே போகிறது. தவளையின் தலைப்பிரட்டைக் குடல் செல்லின் உட்கருவைக் கொண்டு உயிரியலாளர் கர்டன் 1962-ல் எழுதிய கட்டுரைக்கு நோபல் வந்தது 2012-ல். அதனால் ஆண்டுவாரியான மேற்கோள் வரைபடம் ஒன்று வையுங்கள். 10 ஆண்டு கழிந்தும் இறங்காத கட்டுரை இருந்தால் அதைத் தனியாகக் காட்டுங்கள்.

பழைய வேலைகளில் எண்ணிக்கை சிதறும். கோழிக் கருவின் வளர்ச்சி நிலைகளுக்கு எல்லோரும் சுட்டுகிற ஹாம்பர்கர்–ஹாமில்டன் கட்டுரை 1951-ல் வந்தது, 1992-ல் வேறு இதழில் மறுபதிப்பானது. மேற்கோள் இரண்டு இடத்தில் பிரிந்து கிடக்கிறது. பேராசிரியையின் கட்டுரை எதுவும் தொகுப்பு நூலில் மறுபதிப்பாகியிருந்தால் இப்படித் தேடிப் பாருங்கள்.

மரபு மாற்றிய மீன் வரிசை எதையாவது உருவாக்கிப் பகிர்ந்திருந்தால், ஜீப்ரா மீன் தரவுத்தளமான இசட்ஃபின் தளத்தில் அதன் பெயரைப் போட்டு, பயன்படுத்திய கட்டுரைகளை எண்ணுங்கள். வரிசையை வாங்கியவர்கள் முறைகள் பகுதியில் பெயரை மட்டும் எழுதி மேற்கோள் காட்டாமல் விடுவது நிறைய நடக்கிறது. எந்த இன்டெக்ஸிலும் அது ஏறாது.

யுஜிசி 2018 விதிமுறையின் மதிப்பெண் தாள் தனியாக இருக்கட்டும். அதில் இம்பாக்ட் ஃபேக்டர் கட்டுரைக்குக் கட்டுரை வேண்டும்: 1-க்குக் கீழே 10, 1–2-க்கு 15, 2–5-க்கு 20, 5–10-க்கு 25, அதற்கு மேல் 30. இரண்டு பேருக்கு மேல் எழுதியிருந்தால் முதல் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70%, மற்ற ஒவ்வொருவருக்கும் 30%. 20 என்ற இடத்தில் இது 14-ஆ 6-ஆ என்ற வித்தியாசம். கருவளர்ச்சியியலில் ஆய்வகத் தலைவர் கடைசிப் பெயராக நிற்பது வழக்கம்; வேறு துறைக்காரர் கடைசி என்றால் சின்னப் பங்கு என்று 30% போட்டுவிடுவார். தொடர்பு ஆசிரியர் நட்சத்திரக் குறி உள்ள முதல் பக்கத்தை ஒவ்வொன்றுக்கும் அச்செடுத்து இணைத்துவிடுங்கள்.