முகாமில் பிறந்த நான் எந்த நாட்டுக்காரன்?

கேள்வி:
அப்பாவும் அம்மாவும் 1984இல் இலங்கை மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். அண்ணன் 1986இல் மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்தான், நான் 1989இல் அதே முகாமில். அவன் இந்தியப் பாஸ்போர்ட் கேட்கலாமாம், எனக்குக் கிடையாதாம். ஒரே தாய் தகப்பன், ஒரே பத்துக்குப் பத்து அறை, இது என்ன நியாயம்? இலங்கையை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

பதில் 1:
தேதிதான் தம்பி காரணம். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இங்கே பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பாலேயே குடிமகன். அப்புறம் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். உங்கள் அண்ணனைப் போல 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது, 2024இல் அவர் ஓட்டும் போட்டார்.

பதில் 2:
2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும்தான், இலங்கை அதில் இல்லை. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் வம்சாவளிக் குடியுரிமைக்குப் பதிந்துவிடுங்கள். இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்பதற்கு ஒரு காகிதமாவது கையில் இருக்கட்டும்.

பதில் 3:
அப்படிப் பதிந்து மன்னாருக்கே திரும்பி வந்தவள் நான். முதல் வாரம் கடையில் "பிரெட் இருக்கா" என்று கேட்டேன், கடைக்காரர் பாணை எடுத்து வைத்துவிட்டு "பிள்ளை இந்தியாவோ?" என்றார். அங்கே பள்ளிக்கூடம் முழுக்க சிலோன்காரி, இங்கே இந்தியாக்காரி.

கேள்வி கேட்டவர்:
அக்கா, அம்மா இன்னும் பாண் என்றுதான் சொல்வார். சரி, பதிவுக்கு அப்பாவின் பிறப்புச் சான்றிதழும் கேட்பார்களா? அது வரும்போதே கடலில் போய்விட்டது.