மறு: ‘ஜேன்ஸ் வாக்’ போன்ற நடைகளுக்குத் தமிழில் என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. தெருக்காரர்களே கூடித் தம் தெருவை நடந்து பார்த்துப் பேசும் ‘ஜேன்ஸ் வாக்’ நடைக்கு, துண்டறிக்கை அச்சுக்குப் போகுமுன் டொரன்டோ நண்பர் ஒரே ஒரு தமிழ்ச் சொல்தான் கேட்டார். நாம் ஆளுக்கொன்று கொடுத்து அவரைத் திண்டாட வைத்திருக்கிறோம். என் வாக்கு ‘தெருநடை’க்கு. மற்றவற்றை ஏன் தள்ளுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயர் வைக்கப்போகும் பொருள் என்ன என்பதில் முதலில் ஒத்துப்போவோம். நகரங்களைப் பற்றி எழுதியும் போராடியும் பெயர்பெற்ற ஜேன் ஜேக்கப்ஸ் 2006 ஏப்ரலில் இறந்தார். அடுத்த ஆண்டு, 2007-இல், அவர் நினைவாக டொரன்டோவில் தொடங்கியது ‘ஜேன்ஸ் வாக்’. அவர் பிறந்த நாளான மே 4-ஐ ஒட்டி, மே மாத முதல் வார இறுதியில் நடக்கும். இப்போது பல நாடுகளில் நூற்றுக்கணக்கான நகரங்களுக்குப் பரவியிருக்கிறது. கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் தம் தெருவில் ஒன்றை நடத்தலாம்; படிப்போ சான்றிதழோ கேட்கமாட்டார்கள். அந்த அம்மாவே நகரமைப்பில் பட்டம் பெற்றவர் இல்லை, பத்திரிகைக்காரர். நியூயார்க்கில் கீழ் மன்ஹாட்டனைக் கிழித்துக்கொண்டு போகவிருந்த விரைவுச்சாலைக்கு எதிராக நின்றார். 1968-இல் டொரன்டோவுக்குக் குடிபெயர்ந்தார். போன இடத்திலும் அதே வம்பு: ஸ்படைனா விரைவுச்சாலை. 1971-இல் ஒன்டாரியோ அரசு அதை நிறுத்தியது. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசிய நிபுணர்களுக்கு எதிரே, தெருவில் நின்று பார்த்ததை வைத்துப் பேசியவர் அவர். அவர் பேரால் நடப்பதும் அப்படித்தான் இருக்கும். தெரிந்த ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டு பின்னால் போவதில்லை. நடக்கிற எல்லோரும் பேசுவார்கள். எதிரே வருகிறவரும் பேசுவார்.

> ‘நடைச் சுற்றுலா’ போதுமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். சுற்றுலா என்றதும் வெளியூர்க்காரர், டிக்கெட், கொடி பிடித்த வழிகாட்டி எல்லாம் வந்துவிடும். தன் தெருவில் தானே சுற்றுலாப் பயணியாக யார் போவார்? அறிக்கையைப் பார்த்ததும் ‘எவ்வளவு கட்டணம்’ என்றுதான் முதல் தொலைபேசி வரும்.

> சிலப்பதிகாரத்திலேயே ஊர்காண் காதை இருக்கிறது. ‘ஊர்காண் நடை’ என்று சொல்வோம்.

இதைப் படித்தபோது எனக்கும் ஆசை வந்தது. மதுரைக் காண்டத்தில் கண்ணகியைச் சமணத் துறவி கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் ஊரைப் பார்க்கக் கிளம்புகிறான். மணி விற்கும் தெரு, துணி விற்கும் தெரு, தானியம் குவிந்த கூலக்கடைத் தெரு என்று இளங்கோ நம்மையும் கூடவே கூட்டிப்போகிறார். நடந்து பார்த்த நகரத்தை எழுதியதில் அதற்கு ஈடு குறைவு. ஆனால் கோவலன் அங்கே வந்தேறி. பார்க்கிறான், வியக்கிறான், திரும்பிவிடுகிறான். அந்தத் தெருக்காரர் எவரோடும் அவன் நின்று பேசியதாகப் பாட்டில் இல்லை. ‘காண்’ என்றாலே காண்பவன் ஒருவன், காணப்படுவது ஊர் என்று இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. நமக்கு வேண்டியது அந்தப் பிரிவு இல்லாத சொல். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நடத்தும் நடைக்கு ‘ஊர்காண் நடை’யை எடுத்து வைத்துக்கொள்ளலாம், வீணாகாது.

நகர்வலம், ஊர்வலம் இரண்டையும் நான் வேகமாகவே கடந்துவிடுகிறேன். முன்னது மாறுவேட மன்னனுக்குப் போய்விட்டது. பின்னதற்குக் காவல்துறை அனுமதி வேண்டும். ‘ஜேக்கப்ஸ் நினைவு நடை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் ஊரில் நினைவு நாளில் நடப்பது கறுப்புச் சட்டையோடு போகும் அமைதிப் பேரணி. வாயைத் திறக்கவே கூடாத இடம் அது.

> ‘உசாநடை’ எப்படி? உசாவுதல் என்றால் கேட்டறிதல், கலந்து பேசுதல். எங்களிடம் உசாத்துணைப் பகுதி இல்லாத நூலகமே இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இந்தப் பரிந்துரைதான் பொருளுக்கு மிக அருகில் போனது. பேச்சை நேராகச் சுட்டும் சொல் இது ஒன்றுதான். இலங்கையில் உசாத்துணை (பார்வைநூல்) பழகிய சொல், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் உசாவை ‘உஷார்’ என்று படித்துவிடுவார்கள். துண்டறிக்கையில் சொல்லுக்குப் பக்கத்தில் விளக்கம் எழுதவேண்டி வந்தால் அது அகராதிக்குப் போகவேண்டிய சொல். தெருமுனையில் ஒட்டுவதற்கு அது சரிப்படாது.

இனி ‘தெருவுலா’. இதை முன்மொழிந்த அம்மா எழுதியதை முழுதாகத் தருகிறேன். இழையிலேயே எடை கூடிய வாதம் இது.

> நடை என்று வைத்தால் சக்கர நாற்காலியில் வருகிற என் தம்பியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறீர்கள். உலா என்றால் அவனும் உலாவலாம். உலா இலக்கியத்தில் தலைவன் தேரிலும் யானையிலும்தானே வருகிறான்?

உண்மைதான். ஆனால் தலைவன் தேரில் வருவதுதான் எனக்கு இடிக்கிறது. பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவ மகளிரும் அவனைப் பார்த்து மயங்குவதற்காக ஏற்பட்ட இலக்கியம் அது. தெரு அவனைப் பார்க்கும். அவன் தெருவைப் பார்ப்பதாக ஒரு புலவரும் மெனக்கெட்டு எழுதவில்லை. இன்றைய வழக்கிலும் ‘சுவாமி வீதியுலா’ என்றே சுவரொட்டியில் இருக்கிறது. தெருவுலா என்று ஒட்டினால் யாராவது கற்பூரத்தட்டோடு வந்து நிற்பார்.

அப்படியானால் தம்பிக்கு என்ன பதில்? நம் பேச்சுவழக்கில் ‘நடை’ காலோடு முடிவதில்லை. “ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வா” என்கிறோம். எதில் போகிறான் என்று கேட்பதில்லை. லாரி இரண்டு நடை மணல் அடிக்கிறது. பேருந்துக்கு முதல் நடை, கடைசி நடை உண்டு. பண்டிகைக்குக் ‘கூடுதல் நடைகள்’ விடுவதாகப் போக்குவரத்துக் கழகமே அறிவிக்கிறது. சக்கரத்தில் போவதும் நடைதான் என்று ஓட்டுநரும் நடத்துநரும் எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள். இருந்தாலும் சொல்லை மட்டும் நம்பக்கூடாது. வழியில் படி உண்டா, சாய்தளம் உண்டா, எங்கே உட்காரலாம் என்று அறிக்கையில் தனி வரி போடவேண்டும். அந்த அம்மா கேட்டது சொல்லுக்காக மட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

சென்னையில் நான் போன இத்தகைய நடை ஒன்றைச் சொன்னால் ‘வழிகாட்டி’ என்ற சொல்லையும் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது விளங்கும். அழைத்தவர் அந்தத் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் பேச்சு நின்றுபோய், தூங்குமூஞ்சி மரத்தடி இஸ்திரிக்காரர் பேச்சு ஆரம்பித்துவிட்டது. எந்த வீட்டுச் சாவி தன்னிடம் இருக்கிறது, எந்தத் தாத்தா இரண்டு நாளாக வெளியே வரவில்லை, மரம் வெட்ட வந்தவர்களை யார் திருப்பி அனுப்பினார்கள் என்று அடுக்கினார். தெருவைக் காப்பது அங்கே இருப்பவர்களின் கண்தான் என்று ஜேக்கப்ஸ் 1961-லேயே எழுதியதை அவர் கரிப்பெட்டியை விசிறிக்கொண்டே சொல்லி முடித்தார். அப்புறம் இட்லிக் கடை அக்கா நடைபாதை விளிம்பைக் காட்டினார். புதிதாகப் போட்ட நடைபாதை. தள்ளுவண்டியை ஏற்ற முடியாத உயரம், அதனால் வண்டி சாலையில் நிற்கிறது, அதனால் தினமும் திட்டு. ஒரு கல்லூரிப் பையன் கையை வைத்துப் பார்த்தான்: ஒரு சாணுக்கு மேலேயே இருந்தது. சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் 2012 நெறிமுறைப்படி விளிம்பு உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. குடியிருப்புப் பகுதியில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும். அங்கே மின்பெட்டிக்கும் மதில்சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். ஆசிரியை இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். அவரை வழிகாட்டி என்று எப்படிச் சொல்வது? ‘அழைப்பாளர்’ என்பதே என் பரிந்துரை. கூப்பிட்டார், மற்றவர்கள் வந்தார்கள். அவ்வளவுதான் அவர் பங்கு.

‘தெருநடை’க்கு நான் சாய்வதற்கு இன்னொரு காரணம், நடை என்ற ஈற்றைத் தமிழ் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. மதுரையைச் சுற்றியுள்ள சமணர் குன்றுகளுக்கு 2010 முதல் போய்வரும் பசுமை நடையை அறியாதவர் இந்தக் குழுவில் இருக்க மாட்டார்கள். ஆகஸ்ட் 22-ஐ ஒட்டிய சென்னை தினக் கொண்டாட்டங்களில் மரபு நடை இல்லாத ஆண்டில்லை. பசுமை நடை, மரபு நடை, தெருநடை என்று வரிசையில் தானாகப் போய் உட்காருகிறது. ஊர்நடை, நகர்நடை என்று பெரிதாக்கவும் தேவையில்லை. ஒரு காலையில் நடந்து முடிவது நாலைந்து தெரு. ‘நகர்’ என்று வைத்தாலே நகராட்சிக் கூட்டம் போல விறைத்துக்கொள்கிறது.

நெல்லை நண்பர் நேற்று எழுதியிருந்தார், “எங்க பக்கம் தெருநடைன்னா வாசப்படி. வாசப்படிக்கு எதுக்குத் துண்டறிக்கை?” என்று. நியாயமான கேலி. ஆனால் ‘தெருநடைக்கு வாருங்கள், காலை 7 மணி’ என்று படித்துவிட்டு யாரும் தன் வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கமாட்டார் என்று நம்புகிறேன். உட்கார்ந்திருந்தாலும் நடை அந்த வழியாக வரும்போது சேர்ந்துகொள்ளட்டும்.

இதோடு ஒட்டி வந்த மற்றச் சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். அளவுநாடாவும் படிவமும் வைத்துக்கொண்டு போவது வேறு வேலை, அதற்கு ‘நடைபாதை ஆய்வு’ என்று இருக்கட்டும். ‘தணிக்கை’ வேண்டாம், கணக்கிலும் சினிமாவிலும் அடிவாங்கிய சொல். 2014-இல் சென்னை மாநகராட்சி ஏற்ற கொள்கையை ‘மோட்டார் சாராப் போக்குவரத்து’ என்று பெயர்த்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. நடக்கிறவனை அவனிடம் இல்லாத மோட்டாரை வைத்தா அடையாளம் காட்டுவது? ‘நடை, மிதிவண்டிக் கொள்கை’ என்றாலே முடிந்தது. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த அகன்ற பாதைக்கு நாளிதழ்கள் வைத்த ‘நடைபாதை வளாகம்’ நன்றாகவே நிலைத்துவிட்டது, அதைத் தொடவேண்டாம்.

ஒரு தெரு நடக்க எவ்வளவு ஏற்றது என்ற அளவுக்கு ‘நடைத்தோது’ என்று வைத்துப் பாருங்களேன். “நடக்கத் தோதான தெரு” என்று பாட்டியும் சொல்வாள், ‘நடைத்தோதுக் குறியீடு’ என்று அறிக்கையிலும் எழுதலாம். நகர வாழ்வுக்கும் இதே போல ‘வாழ்தோது’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அது எனக்கு ஒட்டவில்லை. முன்பே புழங்கும் ‘வாழ்தகவு’ போதும். 2021 மார்ச்சில் ஒன்றிய அரசு நகரங்களை வரிசைப்படுத்தி ‘ஈஸ் ஆஃப் லிவிங் இண்டெக்ஸ்’ என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. அதை ‘எளிதில் வாழும் குறியீடு’ என்று பெயர்த்ததைப் படித்து எங்கள் வீட்டில் வெகுநேரம் சிரித்தோம்.

சரி, டொரன்டோ நண்பருக்கு. உங்கள் ஊரில் ‘ஜேன்ஸ் வாக்’ என்ற பெயர் பழகியிருப்பதால் அதை மேலே அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிடுங்கள். கீழே, டொரன்டோவில் உங்கள் ஸ்கார்பரோ பகுதிக்கு, இப்படிப் போடலாம்:

ஸ்கார்பரோ தெருநடை
ஞாயிறு காலை 10 மணி. கட்டணம் இல்லை, பதிவு தேவையில்லை.
நாம் குடியிருக்கும் நாலு தெருவை நடந்து பார்த்துப் பேசுவோம். பேருந்து நிறுத்தத்தில் நிழல் இருக்கிறதா, பிள்ளைகள் சாலையைக் கடப்பது எப்படி, பழைய கடைகள் எங்கே போயின? உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் சொல்லுங்கள்.
வழி முழுவதும் படி இல்லை. சக்கர நாற்காலி, தள்ளுவண்டிக் குழந்தைகள், ஊன்றுகோல் எல்லாவற்றுக்கும் ஏற்றது. நடுவில் உட்கார இரண்டு இடம் உண்டு.

படி இல்லை என்ற வரியைப் போடுமுன் ஒருமுறை நடந்து பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ‘அழைப்பாளர்’ அங்கே சம்பிரதாயமாக ஒலித்தால் ‘கூப்பிடுகிறவர்’ என்றே போடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. யாழ்ப்பாணத்து அன்பர் உசாநடையை விடமாட்டேன் என்றால் தனி இழை தொடங்குங்கள். நடை முடிந்து உட்கார்ந்து பேசுகிறோமே, அதற்கு ‘உசா’ பொருந்தும் போலிருக்கிறது.