கெபாசிட்டர் மாற்றியாச்சு, ரெகுலேட்டரைக் கழற்றியாச்சு, ஃபேன் மட்டும் சோர்ந்து போகிறது

மாடிஅறை:
படுக்கையறை சீலிங் ஃபேன் இரண்டு வாரமாகப் படுத்துகிறது. ஸ்விட்ச் போட்டதும் நன்றாகக் கிளம்பும், பத்து நிமிடத்தில் சோர்ந்துபோய் ஆமை மாதிரி சுற்றும், சில நேரம் நின்றேவிடும். 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் புதிதாகப் போட்டேன். ரெகுலேட்டரைக் கழற்றி நேராக இணைத்தும் பார்த்தேன். அதே கதைதான். சீலிங் ரோஸில் (கூரையில் ஃபேன் வயர் இணையும் வட்டப் பெட்டி) ஃபேன் வயரைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால் 228 வோல்ட் காட்டுகிறது, ஆகவே வயரிங் சரி, மோட்டார் காயில்தான் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) போயிருக்கும், புது ஃபேன் வாங்கிவிடலாமா? இன்னொன்று, சம்பந்தம் உண்டா தெரியவில்லை. ஃபேன் ஓடும்போது விடிவிளக்கு மங்குகிறது, பழைய இழை பல்பு. அதே போர்டில் உள்ள டியூப்லைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சுழல்காற்று:
ஸ்விட்சை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் தள்ளிப் பாருங்கள். உடனே நின்றால் பேரிங்.

பழையவயர்மேன்:
பேரிங் இறுகினால் விடிவிளக்கு ஏன் மங்க வேண்டும்? சம்பந்தம் உண்டா என்று கேட்டீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. ஃபேனுக்கும் விடிவிளக்குக்கும் ஸ்விட்ச் வேறு, ஸ்விட்சிலிருந்து போகும் பேஸ் வயரும், அதாவது கரண்ட் கொண்டுபோகும் வயரும் வேறு. போர்டுக்கு வரும் பேஸில் கோளாறு என்றால் டியூப்லைட்டும் சேர்ந்து தடுமாறும். மிச்சம் இருப்பது இந்த இரண்டுக்கும் பொதுவாகப் போகும் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர். எங்கோ ஒரு ஜாயிண்ட் லூஸ்.

228ஐ நம்பாதீர்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை, நூலிழை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாயிண்ட்கூட முழு வோல்டேஜையும் காட்டும். லோடு கொடுத்தால்தான், அதாவது கரண்ட் இழுக்கும் எதையாவது மாட்டினால்தான், குட்டு வெளிப்படும். சீலிங் ரோஸில் ஃபேனுக்குப் பதில் 100 வாட் குண்டு பல்பை மாட்டி, அது எரியும்போதே அளந்து பாருங்கள். எல்ஈடி பல்பு வேண்டாம், குறைந்த வோல்டேஜிலும் அது பாட்டுக்கு எரிந்து ஏமாற்றிவிடும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே முழு வோல்டேஜ் இருந்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையேயும் கணிசமாகக் காட்டினால் சந்தேகமே வேண்டாம், நியூட்ரல்தான். ஆரோக்கியமான நியூட்ரல் எர்த்தை ஒட்டி ஓரிரு வோல்ட்தான் காட்டும்.

ஈரக்கை:
ஒரு குறுக்கீடு. ஜாயிண்ட் தேடி ஜங்ஷன் பாக்ஸை (வயர்கள் சேரும் பெட்டி) திறக்கும் முன் மெயினை அணையுங்கள், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும், கரண்ட் போய்விட்டது என்று அது நினைத்துக்கொண்டு லைனுக்கு உயிர் கொடுத்துவிடும். லோடு மாட்டியிருக்கும்போது அறுந்த நியூட்ரலும் பேஸ் மாதிரியே அடிக்கும். கறுப்பு வயர்தானே என்று தொட்டு நான் ஸ்டூலிலிருந்து விழுந்திருக்கிறேன்.

மாடிஅறை:
பல்பு மாட்டினேன் அண்ணே. முதலில் பளிச்சென்று எரிந்தது, கொஞ்ச நேரத்தில் மஞ்சளாக அழுது வடிந்தது. பல்பில் 130, பேஸ்–எர்த் 226, நியூட்ரல்–எர்த் 95! டெஸ்டரை வைத்தால் நியூட்ரலிலும் லேசாக மினுக்குகிறது. ஆனால் இனி எங்கே போய்த் தேடுவது, சுவரை உடைக்கவா?

பழையவயர்மேன்:
சுவருக்குள் ஓடும் வயர் அபூர்வமாகத்தான் கெடும், கெடுவது ஜாயிண்ட். ஃபேன் நியூட்ரலும் விடிவிளக்கு நியூட்ரலும் சேரும் பெட்டி எது என்று பாருங்கள், பெரும்பாலும் கதவுக்கு மேலே இருக்கும். கோளாறு அங்கேயோ, அங்கிருந்து போர்டு வரும் வழியிலோதான். சூடாகும்போது விரிந்து தொடர்பு விடுகிறது, அதனால்தான் உங்களுக்குப் பத்து நிமிடக் கணக்கு.

மாடிஅறை:
கிடைத்துவிட்டது. மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டுத்தான் ஏறினேன். கதவுக்கு மேலே, சுண்ணாம்புக்கு அடியில் மூடியே தெரியாத பெட்டி. மூன்று கறுப்பு வயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள், டேப் கருகி அப்பளமாக உடைந்தது, இரண்டு வயர் இறுக்கமாக இருக்க போர்டிலிருந்து வரும் மூன்றாவது மட்டும் கையோடு வந்தது. கறுத்த பகுதியை வெட்டி, செம்பு பளபளக்கும்வரை சீவி, கனெக்டரில் இறுக்கிவிட்டேன். லோடில் 225. ஒரு மணி நேரமாக ஓடுகிறது, விடிவிளக்கும் மங்கவில்லை.

சுழல்காற்று:
பேரிங் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதே கை முறுக்கிய மற்ற பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.