அட்டவணை நல்லது என்று சொன்ன வேர்க்கடலை: இரத்த வகை உணவுமுறையும் ஒவ்வாமையும்

ஈரோட்டிலிருந்து, இரு மகன்களின் தாய்

என் மகன்கள் இருவருக்கும் இரத்த வகை ஏ பாசிட்டிவ். இளையவனுக்கு மூன்று வயதானபோது கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் ஆறாமல் இருந்ததால், உறவினர் ஒருவர் சொன்ன உணவு ஆலோசகரிடம் அழைத்துச் சென்றோம். அவர் பிள்ளையின் தோலைப் பார்க்கவில்லை. என்ன சாப்பிடுகிறான் என்றும் கேட்கவில்லை. இரத்த வகையை மட்டும் கேட்டுவிட்டு ஓர் அட்டவணையைக் கையில் கொடுத்தார். ஏ வகையினர் வேளாண் குடிகளின் வழிவந்தவர்கள், ஆகவே பால், தயிர், கோதுமை, கறி ஆகியவை அவர்கள் உடம்புக்கு ஆகாது, வேர்க்கடலை மிக நல்லது என்று அதில் அச்சிட்டிருந்தது.

தயிர்ச்சோறு இல்லாமல் உறங்காத பிள்ளைக்குத் தயிரை நிறுத்தினோம். அதுவரை அவன் அதிகம் தொடாத கடலையை, பாலுக்கு ஈடாகச் சத்துச் சேரட்டும் என்று நானே பழக்கினேன். முதல் இரண்டு முறை வாயைச் சுற்றிச் சிவந்ததை வெல்லத்தின் சூடு என்று எண்ணிக்கொண்டேன். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. மூன்றாம் முறை, கடலை உருண்டை தின்ற கால்மணி நேரத்துக்குள் உடம்பெங்கும் தடிப்புகள் எழுந்து, உதடு வீங்கி, வாந்தி எடுத்து, மூச்சு இரைக்கத் தொடங்கியது. மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகே இரைப்பு அடங்கியது.

பின்னர் ஒவ்வாமை மருத்துவர் ஒருவர் ஏறக்குறைய அரை மணி நேரம் கேள்விகளே கேட்டார். எந்த உணவு, எவ்வளவு, தின்ற எத்தனை நிமிடத்தில், ஒவ்வொரு முறையும் அப்படியா என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் முன்கையில் தோல் குத்துச் சோதனை செய்தார். வேர்க்கடலைக்குப் பெரிய தடிப்பு எழுந்தது; பாலுக்கும் கோதுமைக்கும் ஒன்றும் எழவில்லை. நாங்கள் நிறுத்தியது அவனுக்கு ஒத்துக்கொண்ட உணவை, ஊட்டியது ஒத்துக்கொள்ளாததை. அதே ஏ பாசிட்டிவ் வகையான மூத்தவனோ வேகவைத்த கடலையைக் கைநிறைய அள்ளித் தின்றுவிட்டு விளையாடப் போகிறான்.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற இரத்த வங்கித் தொழில்நுட்பர்

சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்து மனம் கனத்தது. முப்பது ஆண்டுகள் இரத்த வகை பார்த்தவன் என்ற முறையில், அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். 1996-இல் அமெரிக்க இயற்கை மருத்துவர் பீட்டர் டி'அடமோ எழுதிய நூலே இதன் மூலம். தானியங்களிலும் பயறுகளிலும் உள்ள லெக்டின் என்னும் புரதங்கள் அந்தந்த வகை இரத்த அணுக்களை ஒட்டிக்கொள்ளச் செய்கின்றன என்பது அவருடைய வாதம்.

இதில் ஒரு துளி உண்மை இருப்பதால்தான் படித்தவர்களும் நம்பிவிடுகிறார்கள். நம் வீட்டுக் கொள்ளுப் பயற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கொள்ளின் சாற்றை உரிய அளவில் நீர்த்துக் கண்ணாடித் தகட்டில் இரத்தத்தோடு கலந்தால், ஏ1 என்ற உட்பிரிவின் அணுக்கள் கண்முன்னே திரிந்து கட்டியாகும். ஏ2 அணுக்கள் அப்படியே இருக்கும். ஏ1, ஏ2 இரண்டையும் பிரித்தறிய இரத்த வங்கிகள் இன்றும் கொள்ளுச் சாற்றைப் பயன்படுத்துகின்றன. நானும் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். ஆனால் அது தகட்டில் நடப்பது. கொங்கு நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் உண்ட ஏ வகையினர் எத்தனை பேர்! ஊறவைத்துக் கொதிக்க வேகவைக்கும்போது லெக்டின் பெரும்பாலும் செயலிழந்துவிடுகிறது. அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் புரட்டுவதும் லெக்டினால்தான். ஆனால் அது எந்த வகை இரத்தக்காரரையும் விட்டுவைப்பதில்லை.

ஓ வகையே வேட்டைக்காரர்களின் ஆதி வகை, ஏ வகை பின்னர் வந்தது என்ற கதைக்கும் அடிப்படை இல்லை. ஏ மரபணுவில் ஓரெழுத்து விடுபட்டதால் உண்டானதே ஓ வகையின் பெரும்பகுதி. ஏ, பி வேறுபாடு குரங்கினங்களிலும் உண்டு. வேளாண்மையைவிட அது பல மடங்கு பழையது.

இந்த உணவுமுறையால் உடல் இளைத்தது, கொழுப்புக் குறைந்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தார் 1,455 பேரின் உணவையும் இரத்த வகையையும் ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஏ வகைக்கு என்று சொல்லப்பட்ட காய்கறி மிகுந்த உணவை உண்டவர்களுக்கு எடையும் இரத்த அழுத்தமும் குறைவாக இருந்தன; ஆனால் அவர்கள் எந்த இரத்த வகையினராக இருந்தாலும் அப்படியே இருந்தன. காய்கறிக்குச் சேர வேண்டிய பெயரை இரத்த வகை வாங்கிக்கொண்டது.

அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து

மதுரை ஐயா சொன்ன அந்தத் துளி உண்மை வேறோர் இடத்தில் சற்றுப் பெரிதாக இருக்கிறது. அது என் உடம்பிலேயே நடந்தது. எனக்கு ஓ வகை. தோட்ட வேலையின்போது உண்ணி கடித்த சில வாரங்களுக்குப் பிறகு, ஆட்டுக்கறிக் குழம்பு உண்ட இரவில் நடுநிசிக்கு உள்ளங்கை அரித்து விழித்தேன். எழுந்து நிற்பதற்குள் உடம்பு முழுதும் தடிப்பு. சாப்பிட்டு நான்கு மணி நேரம் ஆகியிருந்ததால் கறியை யாரும் சந்தேகிக்கவில்லை. மூன்று முறை இப்படி ஆன பிறகே, ஆல்ஃபா-கால் என்னும் சர்க்கரைக்கு எதிரான ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை இரத்தத்தில் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஆடு, மாடு, பன்றி போன்ற பாலூட்டிகளின் இறைச்சியில் அந்தச் சர்க்கரை இருக்கிறது. மீனிலும் கோழியிலும் இல்லை. மனித உடம்பிலும் இல்லாததால், உண்ணிக்கடி வழியே நுழையும்போது நம் உடம்பு அதை அயலாகக் காண்கிறது.

பி வகை இரத்த அணுவின் மேலுள்ள சர்க்கரை இந்த ஆல்ஃபா-காலுக்கு மிக நெருங்கிய வடிவம் உடையது. ஆகவே பி வகையினரின் உடம்பு அதை ஓரளவு தன்னுடையதாகவே கருதிவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இந்த ஒவ்வாமை வந்தவர்களிடையே பி வகையினர் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு என்று சுவீடனில் செய்த ஆய்வுகள் கண்டன. என்னோடு அதே தோட்டத்தில் கடிபட்ட என் கணவர் பி வகை. அவர் கறி உண்கிறார். ஆயினும் ஒரு வீட்டை வைத்து எதையும் நிறுவ முடியாது. பி வகையினரிலும் இந்த ஒவ்வாமை வந்தவர்கள் உண்டு. எனக்கு நோயை உறுதி செய்ததும் இரத்த வகை அன்று. அந்த ஐஜிஇ சோதனையும், இரவு உணவையும் நேரத்தையும் நான் குறித்துவைத்த நாட்குறிப்பும்தான்.

ஈரோட்டிலிருந்து மீண்டும்

இருவருக்கும் நன்றி. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: எங்கள் ஊரில் பல வீடுகளில் மரச்செக்குக் கடலெண்ணெய்தான். சுத்திகரிக்காத அந்த எண்ணெயில் கடலைப் புரதம் தங்கியிருக்கலாம் என்பதால், மருத்துவர் சொற்படி நல்லெண்ணெயைத் தனியே சோதித்து உறுதி செய்துகொண்டு அதற்கு மாறினோம். விருந்துக்குப் போகும் வீடுகளில் எண்ணெய் எது என்று முதலில் கேட்டுவிடுகிறேன். கரப்பானுக்குத் தோல் மருத்துவர் தந்த களிம்பு பூசி வருகிறோம். பிள்ளை மீண்டும் இரவில் தயிர்ச்சோறு சாப்பிடுகிறான். பள்ளி ஆசிரியையிடம் அட்ரினலின் ஊசிமருந்தைக் கொடுத்து, எப்போது, தொடையில் எங்கே போட வேண்டும் என்று தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டச் செய்திருக்கிறேன்.