பழைய மாணவர் காசில் பள்ளிக்கூடத்துக்கு ஓர் உளவளத்துணையாளரை வைக்கலாமா?

வலிகாமத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில், வலிகாமம் கல்வி வலயத்தில் ஒரு மாகாணப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிறேன். பெரிய ஆள் ஒன்றும் இல்லை, கூட்டத்துக்கு ஒழுங்காக வருகிற நாலைந்து பெற்றோரில் நானும் ஒருவன், அதனால் பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் பழைய மாணவர் கிளை 12 இலட்சம் ரூபாய் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறது. அதை என்ன செய்வது என்று போன கூட்டத்தில் கதைத்தோம். பெரும்பாலானவர்கள் கேட்டது நுழைவாயில் வளைவு. ஏற்கெனவே ஒரு வளைவு இருக்கிறது, ஆனால் அதில் பாடசாலை தொடங்கிய ஆண்டைப் பிழையாக வெட்டிவிட்டார்களாம், ஆகவே புதிது வேண்டுமாம். நான் எழும்பி, பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்டு உதவப் பயிற்சி எடுத்த ஓர் உளவளத்துணையாளரை இரண்டு வருடத்துக்கு வைப்போம், மாதம் 50,000 படி 24 மாதம் என்றால் கணக்குச் சரியாக வருகிறது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பின்வரிசையில் இருந்து ஒருவர் "எங்கட பிள்ளையளுக்கு என்ன விசரே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்து முடிய தேத்தண்ணி வந்துவிட்டது.

நான் ஏன் கேட்டேன் என்றால், என் மகள் 11ஆம் தரம். அவளுடைய சிநேகிதி ஒருத்தி இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, வகுப்பில் பேச்சுமில்லை. மகள்தான் அவளை ஆலோசனை ரீச்சரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். கதவில் "ஆலோசனை வழிகாட்டல் பிரிவு" என்று அழகாக எழுதியிருக்கிறது. உள்ளே பாண்ட் வாத்தியங்கள், கரம் பலகை, கால் உடைந்த இரண்டு கதிரைகள், வலைப் பையில் கரப்பந்துகள். பிள்ளை வாய் திறந்து அழத் தொடங்கின நேரம் பார்த்து விளையாட்டு சேர் பந்து எடுக்க வந்துவிட்டார். அவர் நல்ல மனிசன், "ஏன் பிள்ளை அழுறாய், மார்க்ஸ் குறைஞ்சிட்டுதோ" என்று கேட்டுவிட்டுப் பந்தோடு போய்விட்டார். அதற்குள் மணி அடித்துவிட்டது, ரீச்சருக்கு அடுத்த வகுப்பு. அந்தப் பிள்ளை திரும்ப அந்த அறைக்குப் போகவேயில்லை.

என் கேள்வி இதுதான். அபிவிருத்திச் சங்கம் இப்படி ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைக்கலாமா? யாரிடம் அனுமதி எடுக்க வேண்டும்? வைத்தால் இரண்டு வருடத்தில் ஏதாவது நடக்குமா, அல்லது நான் விளங்காமல் கத்துகிறேனா?

வெண்கட்டி:

அண்ணை, நீங்கள் எழுதின அந்த ரீச்சர் நானாகவும் இருக்கலாம். நான் இல்லை, ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான், கரப்பந்துக்குப் பதிலாக எங்களிடம் சத்துணவுச் சட்டி இருக்கிறது.

நான் தமிழ் ஆசிரியை. ஆலோசனைக்குப் பயிற்சி எடுத்திருக்கிறேன் என்பதால் அந்தப் பொறுப்பும் எனக்கு. ஒரு கிழமைக்கு 40 பாடவேளை, அதில் 29 எனக்கு வகுப்பு. மிச்சத்தில் கொப்பி திருத்த வேண்டும், லீவில் நிற்கிறவரின் வகுப்பைப் பார்க்க வேண்டும், தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். அப்ப ஒரு பிள்ளைக்கு நான் கொடுக்கக்கூடியது இடைவேளையின் 20 நிமிடம். அந்த 20 நிமிடத்தில் பிள்ளைக்கும் பசி, எனக்கும் பசி. பாதிப் பிள்ளைகள் முதல் தரம் வந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள், யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மூன்றாம் தரம்தான் கதை வரும். மூன்றாம் தரம் என்பது எனக்கு அடுத்த மாதம்.

என்ன கதை என்று கேட்பீர்கள். தகப்பன் குடித்துவிட்டு அடிக்கிறது, அம்மா நுண்கடன்காரனுக்குப் பயந்து பின்பக்கத்தால் ஓடுகிறது, அப்பா கட்டாரில், போனில்தான் அப்பா. பள்ளிக்கூடம் விட்டு வந்து மூன்று மணிக்கு ரியூசன், ஏழு மணிவரை ரியூசன், ஞாயிற்றுக்கிழமையும் ரியூசன். பிறகு போனில் யாரோ ஒருத்தன் படத்தை வைத்து வெருட்டுகிறான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்ததற்கு, வீட்டில் ஒரு கிழமையாக ஒருவரும் கதைக்காமல் விட்ட பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். பத்து வயது.

நான் சொல்கிறது உங்களுக்குப் பிடிக்குமோ தெரியாது. வெளியிலிருந்து ஓர் உளவளத்துணையாளரைக் கொண்டுவராதீர்கள். அவர் இரண்டு வருடத்தில் போய்விடுவார், அதற்குள் பிள்ளைகளுக்கு அவரை நம்பவே ஒரு வருடம் பிடிக்கும். அந்தக் காசில் உங்கள் ரீச்சரின் பாடத்தில் பாதியை எடுக்க ஒருவரைப் போடுங்கள். அவருக்குக் கிழமைக்கு 15 பாடவேளை சும்மா விடுங்கள். கதவுக்குப் பூட்டும் யன்னலுக்குச் சீலையும் போடுங்கள். அவருக்கு ஏதாவது விளங்காவிட்டால் மாதம் ஒருமுறை கேட்க, படித்த ஒருவருக்குக் காசு கொடுத்து ஒழுங்கு செய்யுங்கள். இந்தக் கடைசி விசயத்தை யாருமே யோசிப்பதில்லை. பிள்ளை சொன்னதையெல்லாம் நான் யாரிடம் கொண்டுபோய் இறக்கி வைக்கிறது? வீட்டில் சொல்ல ஏலாது, ஊர் சின்னது.

அப்புக்குட்டி:

நாங்கள் பொம்மர் சுத்தச் சுத்தப் பதுங்குகுழிக்குள் இருந்து குப்பி விளக்கில் படித்தவர்கள். எங்களுக்கு யார் ஆலோசனை சொன்னது? இப்ப எல்லாம் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்திதான் இல்லை. வளைவைக் கட்டுங்கள்.

பழைய சைக்கிள்:

ஐயா, ஓம், படித்தோம். நானும் அந்தக் குழிக்குள் இருந்தவன்தான். ஆனால் இப்பவும் வானத்தில் ஹெலி போனால் என் மனுசி குசினிக்குள் ஓடிப்போய் நிற்கிறா, சிரித்துக்கொண்டுதான் நிற்பா, ஆனாலும் ஓடுகிறா. "எங்களுக்கு ஒன்றும் இல்லை" என்ற கதையை அவவிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். இப்ப இந்தப் பிள்ளைகளை வளர்க்கிறது நாங்கள்தானே.

வலிகாமத்தான் தம்பிக்கு: வெண்கட்டி ரீச்சர் சொல்வதோடு நான் முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் உளசமூகப் பணியில் இருந்தேன். அந்த நேரம் காசுக்குப் பஞ்சமில்லை. ஐந்து நாள் பயிற்சி, ஹோட்டல் சாப்பாடு, சான்றிதழ், குழுப்படம். நல்ல ஆசிரியர்கள் நிறையப் பேர் வந்தார்கள், உண்மையாகவே நல்லாகச் செய்தார்கள். பிறகு ஒருவருக்கு இடமாற்றம், ஒருவர் ஓய்வு, ஒருவர் அதிபராகிவிட்டார், ஒருவர் லண்டன். அவர் இருந்த கதிரை அப்படியே வெறுமை, ஏனென்றால் அந்தக் கதிரை பாடசாலையின் ஆளணியில், அதாவது அரசு அங்கீகரித்த பதவிப் பட்டியலில், இருக்கவில்லை, எங்கள் திட்டத்தின் கணக்கில்தான் இருந்தது. திட்டம் முடிந்தது, கதிரையும் முடிந்தது.

2009இல் போர் முடிந்தபிறகு இன்னும் மோசம். வன்னியில் மிகவும் தேவையாக இருந்த நேரத்தில், வடக்குக்கான ஜனாதிபதி செயலணியிடம் அனுமதி எடுக்க வேண்டும் என்று வந்தது, வீடு, மலசலகூடம், கோழி, ஆடு என்றால் அனுமதி கிடைக்கும், உளசமூகம் என்று எழுதினால் கோப்பு திரும்பி வரும். நாங்கள் "வாழ்வாதாரம்" என்று தலைப்புப் போட்டுவிட்டு, கோழி கொடுக்கப் போன வீட்டில் இருந்து கதைத்தோம். சிரிப்பாக இருக்கும், ஆனால் அப்படித்தான் நடந்தது.

ஆகவே உங்கள் 12 இலட்சமும் ஒரு சின்னத் திட்டம்தான். அதை மறக்க வேண்டாம்.

பனிக்குள் பனை:

நான் அமெரிக்காவில், நியூ ஜேர்சியில் ஒரு அரச பள்ளிக்கூடத்தில் விசேட தேவைப் பிள்ளைகளின் வகுப்பில் உதவியாளராக வேலை செய்கிறேன். வெளிநாட்டில் எல்லாம் நல்லாக நடக்கிறது என்று ஊரில் நினைக்கிறார்கள், அதற்காக எழுதுகிறேன். இங்கே பாடசாலை ஆலோசகர் சங்கம் சொல்கிற அளவு 250 மாணவருக்கு ஒரு ஆலோசகர். நாட்டின் சராசரி இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வருகிற காசில் பெரிய பங்கு அந்தந்த ஊரின் வீட்டு வரி, ஆகவே பணக்கார ஊருக்கு ஆலோசகரும் உளவியலாளரும் சமூகசேவையாளரும் கிடைக்கும், பக்கத்து ஊரில் ஒரு தாதி மூன்று பள்ளிக்கூடத்துக்கு ஓடித் திரிவா.

2022இல் ரெக்சாஸில் யுவால்டி ஆரம்பப் பாடசாலையில் துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு மாதத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பாடசாலைகளில் மனநலப் பணியாளர்களைக் கூட்டவும் புதிதாகப் படிப்பிக்கவும் ஐந்து வருடத்துக்கு 100 கோடி டொலர். இரண்டு கட்சியும் சேர்ந்து போட்ட சட்டம். அந்தக் காசில் பல இடங்களில் ஆட்களை எடுத்தார்கள். 2025 ஏப்ரலில், ஆட்சி மாறினபிறகு, கல்வித் திணைக்களம் அந்த மானியங்களைத் தொடரமாட்டோம் என்று கடிதம் அனுப்பிவிட்டது. வழக்கெல்லாம் போட்டார்கள். பழைய சைக்கிள் அண்ணை சொல்கிற அதே கதிரைதான், இங்கே கொஞ்சம் விலை கூடின கதிரை.

அப்புறம் ஒரு விசயம், புலம்பெயர் சங்கங்களைப் பற்றி. நானும் ஒன்றில் இருக்கிறேன். வளைவு கேட்டால் நாங்கள் தருவோம், ஏனென்றால் படம் வரும், கல்வெட்டில் பெயர் வரும். ஒரு பிள்ளை அழுது முடித்து வகுப்புக்குப் போனதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட முடியாது, போடவும் கூடாது. ரொறன்ரோக் கிளையோடு நேராகக் கதையுங்கள். சங்கத்தில் எல்லோரும் கல்வெட்டுக்காரர் இல்லை.

கோப்பு இலக்கம்:

நான் அரச அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன், எது என்று கேட்காதீர்கள். நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் பாடசாலை மாகாணப் பாடசாலை, ஆகவே மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ். தேசியப் பாடசாலை என்றால் கொழும்பு. நிரந்தரமாக ஒரு புதிய பதவி வேண்டுமென்றால் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் ஆளணியை அங்கீகரிக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அரச ஆட்சேர்ப்பை எவ்வளவு இறுக்கினார்கள் என்று உங்களுக்கே தெரியும். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தபிறகு, இதைச் சபையில் எழும்பிக் கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லாமல், எல்லாம் ஆளுநர், பிரதம செயலாளர் என்று மேசை மேசையாக ஏறித்தான் போனது.

சங்கத்தால் ஆள் வைப்பது என்றால் கவனம். வலயத்தில் இதைக் கேட்டவுடன் அவர்களுக்கு ஞாபகம் வருவது தொண்டர் ஆசிரியர் பிரச்சினை. வருடக்கணக்காகச் சின்னக் கொடுப்பனவுக்குப் படிப்பித்தவர்கள், பிறகு நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இருந்தார்கள், அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வெண்கட்டி ரீச்சர் சொன்ன பதில் ஆசிரியர் யோசனையும் அதே குழிக்குள்தான் விழும். ஆகவே வாய்ப்பேச்சாக ஒருவரையும் வைக்காதீர்கள். கால எல்லை, மணித்தியாலம், கொடுப்பனவு எல்லாம் எழுதி, வலயக் கல்விப் பணிப்பாளரின் எழுத்து அனுமதியோடு செய்யுங்கள். பிள்ளைகளோடு தனிய இருக்கப்போகிற ஆள் என்றால் பொலிஸ் அறிக்கை, தகைமைச் சான்றிதழ் இரண்டையும் பார்க்காமல் விடவேண்டாம், தெரிந்தவரின் மருமகன் என்றாலும் சரி.

காசில்லாமல் கிடைக்கிறதும் இருக்கிறது. உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார்கள், அதிபர் கடிதம் கொடுத்தால் பாடசாலைக்கு வருவார்கள். பிள்ளைக்கு மருத்துவ உதவியே தேவை என்றால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, உங்களுக்குக் கிட்ட. பட்டதாரி நியமனத்தில் வந்த அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் உங்கள் பாடசாலையில் இருந்தால், அவர்களில் உளவியல் படித்தவர் யாரும் உண்டா என்று பாருங்கள். சில இடங்களில் அப்படிப்பட்டவர்கள் வரவுப் பதிவேடு எழுதிக்கொண்டு இருக்கிறார்கள்.

வெண்கட்டி:

கோப்பு இலக்கம் சொல்வது சரி, பதில் ஆசிரியர் விசயத்தில் நான் அந்தப் பக்கத்தை யோசிக்கவில்லை. ஆனால் நேர அட்டவணை அதிபரின் கையில்தானே. காசே வேண்டாம், 29ஐ 20ஆக்கச் சொல்லுங்கள். மற்ற ஆசிரியர்கள் முறுமுறுப்பார்கள், "அவ கதைச்சுக்கொண்டு இருக்கிறா, நாங்கள் படிப்பிக்கிறோம்" என்று எனக்கே சொல்லியிருக்கிறார்கள். அதையும் அதிபர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மகளிடம் சொல்லுங்கள், அந்தச் சிநேகிதியைக் கைவிட வேண்டாம், ஆனால் தனியச் சுமக்கவும் வேண்டாம், அவளும் 16 வயதுப் பிள்ளைதான். அவசரம் என்றால் 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுக்கலாம். வீட்டில் அடி, தொந்தரவு என்று ஏதும் இருந்தால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். இரண்டையும் நான் வகுப்புச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன், ஒருத்தரும் பார்க்காத மாதிரித்தான் பார்ப்பார்கள்.

வலிகாமத்தான்:

எல்லோருக்கும் நன்றி, பிந்தி எழுதுகிறேன். அதிபரைப் போய்க் கண்டேன். பதில் ஆசிரியர் என்றதும் கோப்பு இலக்கம் சொன்ன அதே தொண்டர் கதையைச் சொன்னார், வலயத்துக்குக் கடிதம் எழுதுவதாகவும் சொன்னார், பார்ப்போம். நேர அட்டவணையில் அடுத்த தவணையில் இருந்து ரீச்சருக்கு ஆறு பாடவேளை குறைக்கிறாராம். நான் பத்துக் கேட்டேன்.

ரொறன்ரோவோடும் கதைத்தேன். செயலாளர் ஒரு பெண், நான் பந்துக் கதையைச் சொன்னவுடன் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு தானும் அந்த அறையில்தான் ஒருநாள் இருந்ததாகச் சொன்னா, அப்ப அது புத்தகக் களஞ்சியமாம். வளைவுக்கு எட்டு, இதற்கு நாலு என்று இப்போதைக்கு வந்து நிற்கிறது. நான் விடப்போவதில்லை.

பிள்ளையின் தாயோடு என் மனுசி கதைத்துக் கடைசியில் தெல்லிப்பழைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது தாய் "எங்கை போறியள் எண்டு ஆரும் கேட்டால் கண் கிளினிக் எண்டு சொல்லுவம்" என்றாவாம். சரி, கண் கிளினிக்.

கரப்பந்துகளை நேற்று நானும் விளையாட்டு சேரும் மேடைக்குக் கீழே மாற்றினோம். பாண்ட் வாத்தியத்துக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. பூட்டு வாங்கிவிட்டேன், இரண்டு திறப்பு, ஒன்று ரீச்சரிடம், மற்றதைத் தன்னிடம் தரச் சொல்லி அதிபர் கேட்கிறார்.